ஆபத்துக்கு ஓடும் வண்டியே ஆபத்து ஆகலாமா?

வடசென்னையில் விம்கோ நகர் என்று ஒரு பகுதி. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருக்கிறது. விம்கோ என்பது ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். ஆலையின் பெயரே ஊருக்கும் ரெயில் நிலையத்துக்கும் வந்தது. 2021-ல் மெட்ரோ ரெயில் வந்தபோது, அந்த நிலையத்துக்கும் அதே பெயர்தான் வைத்தார்கள்.

தீப்பெட்டியின் பெயரைத் தாங்கிய ஊர். அதைச் சுற்றிலும் தீக்கு அஞ்ச வேண்டிய இடங்கள்! மேற்கே மணலியில் 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. வடக்கே காமராஜர் துறைமுகம். தெற்கே தண்டையார்பேட்டையில் பெட்ரோல் கிடங்குகள். கிழக்கே கடல்.

இந்த இடங்களில் எங்கே ஆபத்து என்றாலும், உதவி வண்டிகள் நெரிசலான சாலைகளின் வழியாகத்தான் ஓட வேண்டும். எண்ணூர் சாலையில் இரவும் பகலும் கன்டெய்னர் லாரிகள் போகின்றன. அவற்றுக்கு நடுவே மணி அடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி வருகிறது. எல்லோரும் ஒதுங்குகிறார்கள்.

வண்டி மட்டும் வந்தால் சரி. அதன் பின்னால் இன்னொரு வண்டியும் கட்டப்பட்டு வந்தால்?

அங்கேதான் கவனம் வேண்டும்.

பின்னால் வருவது என்ன?

பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் வண்டிக்கு டிரெய்லர் என்று பெயர். அதற்குத் தனி எஞ்சின் கிடையாது. முன்னால் போகும் வண்டிதான் அதை இழுக்க வேண்டும்.

ஆபத்து நேரத்தில் பல பொருள்கள் இப்படித்தான் வருகின்றன. தண்ணீர் இறைக்கும் பம்பு வரும். வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கப் படகு வரும். மின்சாரம் நின்றுபோன இடத்துக்கு ஜெனரேட்டர் வரும். எண்ணெய்த் தீயை அணைக்க நுரை பீய்ச்சும் கருவி வரும்.

இவை சாதாரணப் பொருள்கள் அல்ல. நம் நாட்டில் தீயணைப்புப் படைகளுக்கென்று வகுக்கப்பட்ட ஒரு வகை டிரெய்லர் பம்பு, ஒரு நிமிடத்துக்கு 1,800 லிட்டர் தண்ணீரைப் பீய்ச்சும். ஒரு குடம் 15 லிட்டர் என்றால், நிமிடத்துக்கு 120 குடம்!

அதனால் டிரெய்லர் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. அது வேண்டும். பத்திரமாகப் போய்ச் சேரவும் வேண்டும்.

லண்டனில் ஓடிய டாக்சிகள்

இது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது லண்டன் நகரத்தின் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசின. தெருவுக்குத் தெரு தீ. இருந்த தீயணைப்பு வண்டிகள் போதவில்லை. என்ன செய்தார்கள்? சுமார் 2,000 வாடகை டாக்சிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு டாக்சியின் பின்னாலும் ஒரு பம்பைக் கட்டினார்கள். டாக்சிக்குள் ஆட்கள். கூரை மீது ஏணி. பின்னால் பம்பு. இப்படி ஓடித்தான் தீயை அணைத்தார்கள்.

ஒரு சாதாரண டாக்சி கூடத் தீயணைப்பு வண்டி ஆகலாம் என்று லண்டன் காட்டியது. எந்த வண்டி எவ்வளவு பாரத்தை இழுக்கும் என்று தெரிந்து கட்டினால், டிரெய்லர் பெரிய உதவி. தெரியாமல் கட்டினால் பெரிய தொல்லை.

தேர் சொல்லும் பாடம்

திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோவிலில் மாசித் திருவிழா நடக்கும். தேர் ஓடும். வடம் பிடித்து இழுக்க நூற்றுக்கணக்கான பேர் வருவார்கள். இழுப்பதற்கு ஆள் பஞ்சம் இல்லை.

ஆனால் தேரை நிறுத்துவது யார்? வடம் பிடித்தவர்களால் அது முடியாது. கயிற்றால் இழுக்கலாம்; கயிற்றால் தள்ள முடியாது. சக்கரத்தின் அருகில் முட்டுக்கட்டையோடு நடக்கிறாரே, அவர்தான் தேரை நிறுத்துகிறார். அவர் ஒரு கணம் அசந்தால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். அதனால்தான் பழகிய ஆளைத் தவிர வேறு யாரையும் முட்டுக்கட்டை போட விடுவதில்லை.

டிரெய்லரும் அப்படித்தான். இழுப்பது ஒரு வேலை. நிறுத்துவது வேறு வேலை. எஞ்சினுக்குப் பலம் இருந்தால் இழுத்துவிடலாம். நிறுத்தும்போதுதான் டிரைவரின் திறமையும், பிரேக்கின் பலமும், கொக்கியின் உறுதியும் தெரியும்.

4,500 லிட்டர் தண்ணீர் கொள்ளும் தீயணைப்பு வண்டியில், தண்ணீர் மட்டுமே 4½ டன். அதன் பின்னால் டிரெய்லரும் சேர்ந்தால் நிறுத்த வேண்டிய பாரம் இன்னும் கூடும். முன் வண்டி நிற்கப் பார்க்கும். பின் வண்டி அதை முட்டித் தள்ளப் பார்க்கும்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு ஒரு கணக்கு தெரியும். மூட்டைகளை வண்டியின் பின்பக்கம் அதிகமாக அடுக்கக் கூடாது. அடுக்கினால் நுகத்தடி மேலே தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். எல்லா மூட்டையையும் முன்னால் அடுக்கினால், மாட்டின் கழுத்தில் பாரம் அழுத்தும். இரண்டும் தப்பு. பாரம் அச்சுக்கு நேராக இருக்க வேண்டும். முன்பக்கம் சிறிது கூடுதலாக இருக்க வேண்டும்.

டிரெய்லருக்கும் இதே கணக்குதான். பொதுவாக, ஓர் அச்சு கொண்ட டிரெய்லரின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மீது இறங்க வேண்டும். பின்பாரம் ஏறினால் என்ன ஆகும்? வேகம் கூடக் கூட டிரெய்லர் நாய் வாலைப்போல இடமும் வலமும் ஆடும். அந்த ஆட்டம் முன் வண்டியையும் சேர்த்து ஆட்டும். கடைசியில் இரண்டும் கவிழும்.

படகு விஷயத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. மழைக்காலத்தில் படகு திறந்த வெளியில் நிற்கும். அதற்குள் மழைத் தண்ணீர் தேங்கும். 500 லிட்டர் தேங்கினால் 500 கிலோ. ஏழு பேர் ஏறி உட்கார்ந்த பாரம்! அதுவும் சும்மா இராது. பிரேக் போட்டால் முன்னால் பாயும். வண்டி ஏறினால் பின்னால் பாயும். கிளம்பும் முன்பு படகின் அடைப்பைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும். பிறகு அடைப்பை மறக்காமல் மூடவும் வேண்டும்.

ஒரு சிறு ஊசி

கடையாணி கழன்றால் வண்டி என்ன ஆகும் என்று கிராமத்துக் குழந்தைக்கும் தெரியும். டிரெய்லருக்கும் ஒரு கடையாணி உண்டு. கொக்கி திறந்துகொள்ளாமல் பூட்டி வைக்கும் சிறு இரும்பு ஊசிதான் அது. அதைப் ‘பின்’ என்பார்கள்.

அவசரத்தில் கொக்கியை மாட்டுவார்கள். ஊசியைப் போட மறந்துவிடுவார்கள். அல்லது கையில் கிடைத்த ஆணியையோ கம்பியையோ செருகுவார்கள். சமமான சாலையில் ஒன்றும் தெரியாது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் கொக்கி கழன்றுவிடும். பின் வண்டி தன் இஷ்டப்படி ஓடும். அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தைகள் வந்துகொண்டு இருந்தால்?

இதற்காகவே இரண்டு சங்கிலிகள் வைத்திருக்கிறார்கள். முன்னால் நீண்டிருக்கும் இரும்புக் கம்புக்கு அடியில் அவற்றைக் குறுக்காக, பெருக்கல் குறி போல மாட்ட வேண்டும். கொக்கி கழன்றாலும் கம்பு சங்கிலியின் மீது விழும். தரையில் குத்தாது. சங்கிலி தரையில் உரசக் கூடாது. திருப்பத்தில் இறுகவும் கூடாது.

டிரெய்லரில் தனி பிரேக் இருந்தால், இன்னொரு கம்பியும் இருக்கும். டிரெய்லர் பிய்த்துக்கொண்டு போனால் அந்தக் கம்பி இழுபட்டு, பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். அதையும் மாட்ட வேண்டும். பிறகு விளக்கு. முன் வண்டியில் பிரேக் போட்டால் பின் வண்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா? இடது, வலது விளக்குகள் எரிகின்றனவா? ஒருவர் ஓட்டும் இடத்தில் உட்கார, இன்னொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும்? பழகிய இரண்டு பேருக்குச் சில நிமிடங்கள் போதும்.

உப்புக் காற்று

விம்கோ நகர்ப் பக்கம் கடற்காற்று வீசுகிறது. வீட்டு ஜன்னல் கம்பி எத்தனை சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று அங்குள்ள பெண்களுக்குத் தெரியும். சைக்கிள் சங்கிலி எத்தனை நாளில் பழுப்பேறும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

அவசர டிரெய்லர் எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பது இல்லை. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். உப்புக் காற்று சங்கிலியைத் தின்னும். கொக்கியின் உள்ளே துரு ஏறும். டயரில் காற்று இறங்கும். வெயிலில் ரப்பர் வெடிக்கும். படகு டிரெய்லர் என்றால் இன்னும் மோசம். உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகு நல்ல தண்ணீரால் கழுவாவிட்டால், சக்கரத்தின் பேரிங் கெட்டுவிடும்.

ஒரு நாள் புயல் வரும். டிரெய்லரை இழு என்று உத்தரவு வரும். வழியில் சக்கரம் கழன்று விழும். குற்றம் அன்றைய டிரைவர் மேல் விழும். உண்மையில் குற்றம், எண்ணெய் போடாமல் போன பல மாதங்களின் மேல்தான் இருக்கிறது.

மூன்று நிமிடக் கணக்கு

“ஆபத்து நேரத்தில் மெதுவாகப் போகச் சொல்கிறீர்களா?” என்று சிலர் கோபிப்பார்கள். அவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

போக வேண்டிய தூரம் 6 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 9 நிமிடம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 6 நிமிடம். மிச்சம் 3 நிமிடம்.

மூன்று நிமிடம் பெரிதுதான். உயிர் போகிற நேரத்தில் ஒரு நிமிடம் கூடப் பெரிது. ஆனால் அதற்கு என்ன விலை? வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்கு ஆகும். 40-லிருந்து 60 ஆனாலே அது இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். மழைச் சாலை என்றால் இன்னும் அதிகம்.

வண்டி வழியில் கவிழ்ந்தால் 3 நிமிடம் போகாது. முழு உதவியும் போய்விடும். அதோடு, கவிழ்ந்த வண்டிக்கு உதவ இன்னொரு வண்டி வர வேண்டும். ஒரு விபத்து இரண்டு விபத்து ஆகும். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

அவசரமாகப் போகும் வண்டிக்குச் சாலை விதிகளில் சில சலுகைகள் உண்டு. வழுக்கும் சாலை எந்த வண்டிக்கும் சலுகை காட்டாது.

பின் ஏர் அந்த வழியே போகாது

முன் ஏர் போன வழியே பின் ஏர் என்று ஒரு பழமொழி இருக்கிறது. டிரெய்லர் அப்படிப் போவது இல்லை! திருப்பத்தில் முன் வண்டி சென்ற வழியைவிட உள்ளே ஒடுங்கித்தான் அதன் சக்கரம் திரும்பும். முன் வண்டி மூலையைத் தாண்டிவிடும். பின் வண்டி மூலையில் நிற்பவரை உரசும். அதனால் டிரைவர் அகலமாக வளைத்துத் திருப்ப வேண்டும்.

ரெயில் பாதையைக் கடக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். அந்தப் பக்கம் முன் வண்டிக்கு மட்டும் இடம் இருந்தால் போதாது. டிரெய்லரும் சேர்ந்து நிற்க இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின் வண்டி தண்டவாளத்தின் மீது நிற்கும்.

பின்னோக்கி வருவது எல்லாவற்றையும்விடக் கடினம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லர் மறு பக்கம் போகும். ஓர் ஆள் இறங்கி வழி காட்டாமல் பின்னால் எடுக்கவே கூடாது.

டிரெய்லர் ஆடத் தொடங்கினால் என்ன செய்வது? பயந்துபோய்ச் சட்டென்று பிரேக்கை மிதிக்கக் கூடாது. வேகம் கூட்டவும் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். வேகம் குறைந்தால் ஆட்டமும் அடங்கும். பிறகு ஓரமாக நிறுத்தி, பாரத்தைச் சரி பார்க்க வேண்டும்.

டிரெய்லர் மீதோ, அதில் ஏற்றிய படகுக்குள்ளோ ஆளை உட்கார வைத்து ஓட்டவே கூடாது. “பக்கத்துத் தெருதானே” என்பதும் கூடாது.

நள்ளிரவில் ஓடிய மக்கள்

2023-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தை எண்ணூர் மக்கள் மறக்க மாட்டார்கள். மாதத் தொடக்கத்தில் மிச்சாங் புயல். வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. மீனவர்களின் படகும் வலையும் பாழாயின.

அந்த வேதனை தீரும் முன்பே இன்னொரு துன்பம். டிசம்பர் 26-ந்தேதி நள்ளிரவு நெருங்கும் வேளை. பெரியகுப்பம் அருகே கடலுக்கு அடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. கண் எரிந்தது. மூச்சு முட்டியது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

இப்படிப்பட்ட இரவில் சாலை எப்படி இருக்கும்? நடைபாதை எது, வண்டிப் பாதை எது என்று யாரும் பார்ப்பது இல்லை. தாயும் பிள்ளையும் நடுச்சாலையில் ஓடுகிறார்கள். அந்தச் சாலையில்தான் உதவி வண்டியும் போக வேண்டும். பின்னால் டிரெய்லரும் இருந்தால் எத்தனை நிதானம் வேண்டும்! காப்பாற்ற வந்த வண்டியின் சக்கரத்தில் ஓர் உயிர் போனால், அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

மக்கள் செய்ய வேண்டியது

டிரைவருக்கு மட்டும் புத்தி சொன்னால் போதாது. சாலையில் போகிற மற்றவர்களுக்கும் கடமை இருக்கிறது.

தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் வழி விடாவிட்டால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் அபராதம் உண்டு. 6 மாதம் வரை ஜெயிலும் உண்டு. இது பலருக்குத் தெரியும்.

தெரியாதது ஒன்று இருக்கிறது. தீயணைப்பு வண்டி தாண்டியதும், அதன் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் பாய்கிறவர்கள் உண்டு. நெரிசலில் வழி கிடைத்த மகிழ்ச்சி அவர்களுக்கு! முன் வண்டிக்குப் பின் டிரெய்லர் வருவதைப் பார்க்காமல் நடுவில் நுழைகிறார்கள். அது சாவுக்கு நடுவில் நுழைவது. மணி அடிக்கும் வண்டி போன பிறகும் ஒரு கணம் நின்று, பின்னால் வேறு ஏதாவது வருகிறதா என்று பார்த்துத்தான் நகர வேண்டும்.

வெள்ளத்தில் நின்றுபோன காரை, பக்கத்து வீட்டுக்காரர் கயிறு கட்டி இழுப்பதும் உண்டு. அதிலும் எச்சரிக்கை வேண்டும். இரண்டு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கயிறு மற்றவர் கண்ணுக்குத் தெரிய, அதில் சிவப்புத் துணி கட்டலாம். எஞ்சின் ஓடாத காரில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனமாகிவிடும். பழகாதவர் கையில் அதைக் கொடுக்கக் கூடாது.

அதிகாரிகள் செய்ய வேண்டியது

டிரெய்லர் இழுப்பதைத் தனி வேலையாகக் கருத வேண்டும். லாரி ஓட்டத் தெரிந்தவருக்கெல்லாம் டிரெய்லர் இழுக்கத் தெரிந்திருக்கும் என்று நினைப்பது தப்பு. திருப்பவும், நிறுத்தவும், பின்னால் எடுக்கவும் அவர்களுக்குத் தனியாகப் பழக்கம் கொடுக்க வேண்டும். காலி மைதானத்தில் பழகாதவர், புயல் இரவில் எப்படிப் பழகுவார்?

வாரத்துக்கு ஒரு நாள் டிரெய்லரைப் பார்க்க வேண்டும். டயர், பேரிங், கொக்கி, சங்கிலி, விளக்கு ஆகியவற்றைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். மழைக்காலம் தொடங்கும் முன்பு ஒருமுறை பாரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நோயாளியை ஏற்றும் ஆம்புலன்சின் பின்னால் எதையும் கட்டக் கூடாது. உள்ளே ஓர் உயிர் ஊசலாடும்போது, பின்னால் ஒரு பாரம் ஊசலாடலாமா?

ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ந்தேதி தொடங்கித் தீத்தொண்டு வாரம் நடக்கிறது. 1944-ல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து, 66 தீயணைப்பு வீரர்கள் உயிரைக் கொடுத்தார்கள். அவர்கள் நினைவாக நடக்கும் வாரம் அது. தீயை அணைப்பது எப்படி என்று பள்ளிக்கூடங்களில் வீரர்கள் செய்து காட்டுகிறார்கள். டிரெய்லரைக் கட்டுவது எப்படி, அது வரும்போது ஒதுங்குவது எப்படி என்றும் காட்டலாம். துறைமுகப் பகுதிப் பிள்ளைகளுக்கு அது மிகவும் பயன்படும்.

தீயணைக்கப் போகிறவர்களும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களுக்காகவும் விம்கோ நகரில் ஒரு தாய் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். கொக்கியைப் பூட்டும் அந்தச் சில நிமிடங்கள், தீயில் சிக்கியவருக்கும் வேண்டும்; தீயணைக்கப் போகிறவருக்கும் வேண்டும்.

ஊசியைப் போட்டுவிட்டுப் புறப்படட்டும். உதவி ஊர் போய்ச் சேரும்!